உள்ளேயும் வாரேன், வெளியேயும் வாரேன்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "மீனலோசனிகிட்ட மட்டும் பாத்துப் பேசுங்க" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருக்கட்டும். காரணமில்லாமல் நான் யார் மேலேயும் பாய்ந்ததில்லை. இந்த விஷயத்தில் காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கேட்டுவிட்டு நான் செய்தது தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில், ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் அடிக்கிற மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் வேலை. முதலாளி ராஜகுரு. என்னைப்போல அவரும் சௌராஷ்டிரா. என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். விசேஷ வீடுகளில் அவரை அண்ணா என்பேன், ஆபீசில் சார்.

எனக்கு அடுத்த மேஜையில் கருத்தக்கண்ணன். செக்கானூரணியைத் தாண்டி உள்ளே தள்ளி அவன் கிராமம். காலேஜ் முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்து சேர்ந்தவன். டிக்கெட்டில் தமிழ் எழுத்து ஒழுங்காக விழ வேண்டும் என்பது அவன் பொறுப்பு. அந்த இத்தனூண்டு காகிதத்தில் திருப்பரங்குன்றம் என்ற பெயர் அடங்காது. 'திருப்பரங்குன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'றம்' என்று தனியாக ஒன்று கிடக்கும். அதைச் சரிபண்ண ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக ஒல்லியாக வரைந்து, மாசக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு வரிக்குள் கொண்டுவந்துவிட்டான். அது வந்த அன்று ஆபீசில் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான்.

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும், பயப்படாதீர்கள். டிக்கெட் மெஷினில் இருக்கிற சிப் வேறு, மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரின் சிப் வேறு. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாதிரி மெஷின். அதையும் ராஜகுரு பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காட்டப் போய்விடுவார். அப்படியானால் நாங்கள் எழுதியதை எதில் ஓட்டிப் பார்ப்பது? அதற்குத்தான் எமுலேட்டர். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த மெஷினின் சிப்பாக நடிக்கிற ஒரு புரோகிராம். அந்தப் பேச்சில் வருகிற ஒவ்வொரு கட்டளையையும் இந்தப் பேச்சுக்கு மாற்றி மாற்றிச் சொல்லும். அதை வைத்து, கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் மெஷினை நடத்துகிற லினக்ஸ் என்ற அடிப்படை சாஃப்ட்வேரைத் தனியாகக் குடிவைத்தேன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அறை.

அறைக்குள் போய்விட்டால் அதுதான் உலகம். வெளியே ஒரு வீடு இருப்பதே உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது. நீ யார் என்று கேட்டால், நான் டிக்கெட் மெஷின் என்று கூசாமல் பதில் சொல்லும். உள்ளே எதை உடைத்தாலும், மொத்தத்தையும் அழித்தாலும், வெளியே ஒரு தூசி அசையாது. ஒரே குறை வேகம். எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டே ஓடுவதால் அறைக்குள் எந்த வேலையும் பொதிமாடு மாதிரி நடக்கும். வெளியே ஒரு மூச்சில் முடிகிற வேலை, உள்ளே நாம் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் போக ஒரு கட்டளை, வெளியே வர ஒரு கட்டளை வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே வைத்தேன். 'வாரேன்' என்று அடித்தால் உள்ளே போகலாம், 'போறேன்' என்று அடித்தால் வெளியே வந்துவிடலாம். உள்ளே இருக்கும்போது திரையில் வரி சிவப்பாக இருக்கும், வெளியே வெள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் குழம்பாது.

விருமாண்டி அண்ணன் முதல்முறை ஆபீசுக்கு வந்த அன்று இதற்கு வினை வந்தது. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் ஓடுகிற பஸ்களுக்கு அவர் முதலாளி. அவர் எங்கள் மெஷினை எடுத்துக்கொண்டால் கம்பெனி நிமிர்ந்துவிடும். கருத்தக்கண்ணன் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு 'போறேன்' என்று அடித்தான். அண்ணன் குனிந்து இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"என்னப்பா இது, தொழில் பேச வந்தா போறேன் போறேன்னு எழுதுது?" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததோடு அவர் மறந்துவிட்டார். ராஜகுரு மறக்கவில்லை.

"லோசனி, அந்த வார்த்தைய மொதல்ல எடு" என்றார், அண்ணன் கார் கிளம்பின மறு நிமிஷம். "வீட்ட விட்டுக் கெளம்புறவன்கூட வாரேன்னுதான் சொல்லுவான். ஆபீஸ்ல நாள் பூரா ஆளாளுக்குப் போறேன் போறேன்னு அடிச்சிக்கிட்டிருந்தா வெளங்குமா?"

"சரி சார், வேற வார்த்த வைக்கிறேன். 'வெளியே'ன்னு வச்சிரலாம்."

"அது தொரத்துற மாதிரி இருக்கு. வாரேன்னே வச்சிரு. வெளிய இருந்து அடிச்சா உள்ள போகட்டும், உள்ள இருந்து அடிச்சா வெளிய வரட்டும்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா? எங்க இருக்கோம்னு எப்டி சார் தெரியும்?"

"வீட்டுக்குள்ள நொழையும்போதும் வாரேன்ங்கிறோம், கெளம்பும்போதும் வாரேன்ங்கிறோம். எவனாச்சும் கொழம்பிப்போயி வாசல்ல நிக்கிறானா?"

கேட்பதற்கு நியாயம்போல இருக்கிறது பாருங்கள், அதுதான் எரிச்சல். வாசலில் நிற்கிறவனுக்குக் கதவு தெரியும், கழற்றிப்போட்ட செருப்பு தெரியும், தெரு தெரியும். திரையில் என்ன தெரியும்? மினுக்கிக்கொண்டிருக்கிற ஒரு கோடு. மாட்டவே மாட்டேன் என்றேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து தானே மாற்றி வைத்துவிட்டார். கையோடு சிவப்பு வரியையும் எடுத்துவிட்டார். சிவப்பாக இருந்தால் பார்க்கிறவன் ஏதோ தப்பு என்று நினைப்பானாம்.

அதோடு விட்டாரா? 'துடை' என்று ஒரு கட்டளை இருந்தது. சோதனை முடிந்ததும் அறையில் இருக்கிற வேலை எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட்டு, ஊர்ப் பெயர்களைத் திரும்பவும் முதலிலிருந்து அடுக்கி வைக்கும். அதை நான் அறைக்குள் மட்டும்தான் வைத்திருந்தேன். வெளியே அது இருக்கவே கூடாது. நாங்கள் எல்லோரும் எழுதியது ஒரே பொதுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, வெளியே துடைத்தால் அத்தனையும் போய்விடும். இந்த மனிதர் அதற்கு வெளியேயும் ஒரு நகல் போட்டு வைத்திருந்தார். எதற்கு சார் என்று கேட்டேன்.

"எங்க இருந்தாலும் கையில இருக்கணும்ல" என்றார். தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. எங்கள் வேலைக்கு எடுத்த காப்பியை வேறொரு டிஸ்கில் வையுங்கள் என்றும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அதே கம்ப்யூட்டரில் பக்கத்து ஃபோல்டரில் வைத்திருந்தார். வீட்டுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதுபோல.

விருமாண்டி அண்ணன் இரண்டாம் முறை வந்தார். அன்று முடிவு சொல்லிவிடுவார் என்று ராஜகுரு காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தார். கருத்தக்கண்ணன் அறைக்குள் ஏதோ சோதித்துக்கொண்டிருந்தான். "கண்ணா, நீ போயி அண்ணனுக்கு நல்லதா ஒரு டீயும் வடையும் வாங்கிட்டு வா" என்று ராஜகுரு அவனை அனுப்பிவிட்டு, அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். ஒன்றுமில்லாத மெஷினில் எங்கள் சாஃப்ட்வேர் எப்படி முதலிலிருந்து ஏறுகிறது என்று காட்டப்போகிறாராம்.

நான் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'வாரேன்' என்று அடித்தார். அப்புறம் 'துடை' என்று அடித்தார். விரலை எடுத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்புவதற்குள் 'முடிந்தது' என்று வந்துவிட்டது.

"பாத்தீங்களாண்ணே, என்னா வேகம்!" என்றார் ராஜகுரு.

அறைக்குள் அந்த வேகமே கிடையாது. சட்டென்று திரும்பி என் கம்ப்யூட்டரில் பார்த்தேன், என் ஃபோல்டர் காலி. கருத்தக்கண்ணன் ஃபோல்டர் காலி. காப்பி வைத்திருந்த ஃபோல்டர் காலி. புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்துகள், ஊர்ப் பெயர்கள், நான் எழுதிய அறை, எல்லாம் போச்சு. கருத்தக்கண்ணன் டீ வாங்கப் போனபோது அறைக்கு உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ராஜகுரு உள்ளே போவதாக நினைத்து 'வாரேன்' என்று அடித்திருக்கிறார். அது அவரை வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு துடைத்துவிட்டார்.

என் திரையை எட்டிப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நல்ல மனிதனாக இருந்தால், ஐயோ தப்புப் பண்ணிட்டேன் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். அந்த நேரம் பார்த்து டீத் தூக்கோடு கருத்தக்கண்ணன் படியேறி வந்தான்.

"கண்ணா! காலைல என்னத்தடா அழிச்ச?" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். "வெளிய இருந்துக்கிட்டே தொடச்சிருக்க. அம்புட்டும் போச்சு. நான் உள்ள தொடச்சதுனால ஒண்ணும் ஆகல. நீ காலைலயே காலி பண்ணிட்ட, இப்பத்தான் தெரியுது!"

அவன் தூக்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். விருமாண்டி அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ நம்ம பக்கத்துப் பயதான? யார் மகன்டா?"

"பேயாண்டி மகன்ண்ணே."

"பேயாண்டி மகனா நீயி! எம் பஸ்லதேன தெனம் வார? நம்ம பக்கத்துலருந்து ஒருத்தன் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கான்னு பெருமப்பட்டேன். இப்பிடிப் பேரக் கெடுத்துப்புட்டியேடா." டீயைத் தொடாமல் எழுந்துகொண்டார். "நாளைக்கி வாரேன் ராஜகுரு. வந்து ஒரு முடிவச் சொல்றேன்."

அவர் இறங்கிப் போனதும் ராஜகுரு கருத்தக்கண்ணனிடம் சொன்னார்: "நாளைக்கு அண்ணன் முன்னால தப்பு எம்மேலதான்னு ஒத்துக்கிட்டு, அப்பிடியே கெளம்பிடு. போலீசு கீலீசுன்னு நான் போக மாட்டேன். நல்லபடியா போயிரு."

நான் வாயைத் திறந்தேன். "லோசனி, உள்ள வா" என்றார். கண்ணாடித் தடுப்புக்குள் போய் உட்கார்ந்ததும் எங்கள் பேச்சுக்கு மாறினார். ஆபீசில் அவர் என்னிடம் சௌராஷ்டிரத்தில் பேசியதே கிடையாது. அன்று அக்கா பெயரைச் சொன்னார், என் அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், அப்புறம் விஷயத்துக்கு வந்தார். நடந்தது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நம்மோடு இருக்கட்டும். முதலாளியே அழித்துவிட்டான் என்று தெரிந்தால் விருமாண்டி நம்மை நம்புவானா? அந்தப் பையன் சின்னவன், எங்கேயாவது பிழைத்துக்கொள்வான். நீ நம்ம வீட்டுப் பெண்.

நம்ம வீட்டுப் பெண்ணாம்! பாட்டி மடியில் படுத்துக் கேட்ட பேச்சு அது. சாமியிடம் வேண்டிக்கொள்கிற பேச்சு. ஊரார் காதில் விழாமல் ஒருத்தன் கழுத்தை அறுப்பதற்கு அதை எடுத்துக்கொண்டு வருகிறான் இந்த மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கருத்தக்கண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"நான்தேன்க்கா பண்ணியிருப்பேன்" என்றான். "காலைல எத்தன தடவ வாரேன் அடிச்சேன்னே நெனப்பில்ல. உள்ள இருந்தேனா வெளிய இருந்தேனான்னு குழம்பித்தேன் போச்சு."

"டேய், நீ பண்ணலடா. அவர்தான் பண்ணினார். நான் என் கண்ணால பாத்தேன்."

"வேணாம்க்கா. சார் சொல்றாரு, எனக்கும் சந்தேகமா இருக்கு. நீங்க எனக்காகப் பேசிப் பொல்லாப்பு ஆகாதீக."

செய்யாத தப்பைச் செய்தேன் என்று அவனையே நம்பவைத்துவிட்டார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. ஆனால் ஊருக்குள் அவன் பெயர்? அவன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸே விருமாண்டி பஸ். மறுநாள் காலையில் அவன் வேர்த்து விறுவிறுத்து சைக்கிளில் வந்து இறங்கினான். அத்தனை தூரம் மிதித்திருக்கிறான். ஏன்டா என்றால், சும்மாதேன்க்கா என்றான். அப்புறம் மெல்லச் சொன்னான். முந்தின சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "இந்தாங்கப்பா, இவன் கையில யாரும் டிக்கெட்டக் குடுத்துராதீக, அழிச்சிப்புடுவான்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாராம். பஸ்ஸே சிரித்ததாம். வீட்டில் அப்பாவும் அம்மாவும் சோறு சாப்பிடவில்லை. பேயாண்டி மகன் அழிச்சவன் என்று ஒரே நாளில் பட்டம் கட்டியாகிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலமே என் வேலையை ஆரம்பித்துவிட்டேன். அறையை முதன்முதலில் கட்டியபோது ஒரு சிடியில் பதிந்து என் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். கருத்தக்கண்ணன் எழுத்துகள் அதில் இல்லை, பழசுதான் இருந்தது. பரவாயில்லை என்று அதை ஏற்றி, அறையைத் திரும்பக் கட்டினேன். என் சிவப்பு வரியைப் போட்டேன். என் இரண்டு வார்த்தைகளையும் போட்டேன். 'துடை'யை அறைக்குள் மட்டும் வைத்தேன். ராஜகுரு எட்டிப்பார்த்துவிட்டு, வேலையை மீட்கத்தான் பாடுபடுகிறேன் என்று நினைத்து, "நல்ல பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விருமாண்டி அண்ணன் சொன்னபடி வந்து உட்கார்ந்தார். ராஜகுரு கருத்தக்கண்ணனைக் கையைக் காட்டி முன்னால் வரச் சொன்னார். அவன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, அவன் பேசுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம்" என்றேன். "இங்க வந்து உக்காருங்க. நேத்து சார் காட்டினதையே நான் ஒரு தடவ காட்டுறேன்."

"இப்ப எதுக்கு லோசனி அதெல்லாம்?" என்றார் ராஜகுரு.

"அண்ணனுக்கு மெஷினப் பத்தித் தெரிய வேணாமா சார்?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் 'வாரேன்' என்று அடித்தேன். வரி சிவப்பானது.

"இப்ப அறைக்குள்ள இருக்கோம்ண்ணே. சார் நேத்து இந்த அறைக்குள்ளதான் தொடச்சேன்னு சொல்றாரு. நானும் அதையேதான் செய்யப்போறேன். இதுல தொடச்சா வெளிய ஒண்ணும் ஆகாது. பயப்படாமப் பாருங்க." 'துடை' என்று அடித்தேன்.

மெஷின் முக்க ஆரம்பித்தது. ஒரு புள்ளி வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இன்னொரு புள்ளி. அண்ணன் வெற்றிலையை மென்று முடித்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு டவுன் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. இன்னும் அழித்துக்கொண்டுதான் இருந்தது.

"என்ன தாயி, இம்புட்டு நேரம்?"

"இது அப்பிடித்தான்ண்ணே. டிக்கெட் மெஷினோட பேச்ச கம்ப்யூட்டர் பேச்சுக்கு மாத்தி மாத்திச் செய்யுது. இந்த அறைக்குள்ள எப்பவும் இம்புட்டு நேரம் ஆகும். நேத்து எம்புட்டு நேரம் ஆச்சு? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"நேத்து பொசுக்குன்னு முடிஞ்சுபோச்சே. என்னா வேகம்னு இவரே சொன்னாரே."

"அறைக்குள்ள அந்த வேகம் வரவே வராதுண்ணே. வெளிய தொடச்சாத்தான் வரும். நேத்து வெளியதான் தொடச்சது. அப்ப கருத்தக்கண்ணன் எங்க இருந்தான்?"

"டீ வாங்கப் போயிருந்தான்." இதைச் சொன்னதும் அவர் மெல்ல ராஜகுரு பக்கம் திரும்பினார்.

ராஜகுரு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். எங்கள் பேச்சில் படபடவென்று பொரிந்தார். நிறுத்து, மானத்தை வாங்காதே, உன் அக்கா அந்த வீட்டில் வாழ வேண்டாமா, உன்னை வேலைக்கு எடுத்த எனக்கு நீ செய்கிற கைம்மாறா இது. அண்ணனும் கருத்தக்கண்ணனும் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தமிழ்ல பேசுங்க சார்!" என்றேன். என் குரல் கீழே பெயின்ட் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "அண்ணனுக்கும் புரியட்டும். எங்க அக்கா வாழ்க்கைய எதுக்கு இழுக்குறீங்க? போறேன்ங்கிற வார்த்த ஆகாதுன்னு ரெண்டுக்கும் வாரேன்னு வச்சது நீங்க. வேணாம்னு சொன்னேன். செவப்ப எடுத்தது நீங்க. தொடைக்கிறத வெளிய கொண்டாந்து வச்சது நீங்க. உள்ள போறோம்னு நெனச்சு வெளிய வந்து உக்காந்து அழிச்சது நீங்க. இதுல அவன் என்ன பண்ணான்? உங்களுக்கு டீ வாங்கப் போனான். அதுதான் அவன் செஞ்ச தப்பு. ஒரு வார்த்த சொன்னா வெளங்காமப் போயிரும்னு பயப்படத் தெரியுது, ஒருத்தன் வயித்துல அடிக்கும்போது பயம் வரலயா உங்களுக்கு?"

ராஜகுரு மேஜைமேல் இருந்த மாதிரி மெஷினை எடுத்தார், திரும்ப வைத்தார். அப்போதுதான் திரையில் துடைத்து முடிந்து ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பழைய எழுத்துதானே. 'திருப்பரங்குன்' என்று ஒரு வரி வந்தது. கீழே 'றம்'. கருத்தக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விருமாண்டி அண்ணன் எழுந்து அவன் தோளில் கை வைத்தார்.

"டேய், நேத்து நானும் வாய விட்டுட்டேன். உங்க அப்பன்ட்ட நானே வந்து சொல்றேன். அந்தக் கண்டக்டர் பய வாயிலயும் ரெண்டு போடுறேன். நாளைக்குப் பஸ்ல வாடா, சைக்கிள் மிதிக்காத." ராஜகுருவிடம் திரும்பினார். "மெசின நான் எடுத்துக்கிறேன். ஆனா இவன்தேன் எழுத்த எழுதணும், இவன்தேன் வந்து மாட்டித் தரணும். இவன் இல்லேன்னா எனக்கு ஒம்ம சகவாசமே வேணாம். சரியா?"

"சரிண்ணே" என்றார் ராஜகுரு, தரையைப் பார்த்துக்கொண்டு. "தம்பி இருக்கட்டும்." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கருத்தக்கண்ணனை அவரால் இனித் தொட முடியாது. என்னைத் தொடலாம் அல்லவா? "நீ நாளையிலருந்து வர வேணாம் லோசனி."

இதை நான் எதிர்பார்க்காமல் இல்லை. பையை எடுத்தேன். அறையின் சிடியையும் எடுத்தேன். வாசலில் என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தபோது கருத்தக்கண்ணன் ஓடி வந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அக்கா, கோவத்துல ஒண்ணும் சொல்லாமப் போகாதீக. வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கக்கா."

அவன் நல்ல மனசோடுதான் கேட்டான். அவன் தலையில் கையை வைத்து, "றம்ம மேல ஏத்துடா மொதல்ல" என்றேன். பிறகு அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். ராஜகுரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"போறேன் சார்" என்றேன், அவர் காதில் நன்றாக விழும்படி.